ஆறு சொல்லில் ஒரு பாட்டி

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைக் கூலியாகவே காலம் தள்ளியவள் நான். மகளின் பி.எட். கட்டணத்துக்கு அவள் கொலுசையே அடகு வைத்தேன். வேலைக்குப் போன பிறகு அவளே மீட்டாள். வீட்டுப் பெரியவரின் வாழ்க்கையை ஆறே சொற்களில் எழுதிவரும்படி என் பேத்தியின் கல்லூரியில் சொன்னார்களாம். "குடும்பத்துக்காக உழைத்த பாட்டி, தியாகத்தின் மறுபெயர் அவர்" என்று எழுதியிருக்கிறாள். என் வாழ்க்கை அவ்வளவுதானா என்று கோபம் வந்தது. ஆனால் அன்றிலிருந்து நானும் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறேன். இதில் அப்படி என்ன ஈர்ப்பு?

பதில்: கோபம் நியாயமானதுதான் அம்மா. ஆனால் ஆறு சொல்லின் மீது கோபப்படாதீர்கள். பேத்தி எழுதியது எந்தப் பாட்டிக்கும் பொருந்தும்; சிக்கல் அங்கேதான் இருக்கிறது. தியாகம், உழைப்பு என்று தீர்ப்பைச் சொல்லிவிட்டால், கேட்பவருக்குத் தலையாட்டுவதைத் தவிர வேறு வேலை இல்லை. உங்கள் கடிதத்திலிருந்தே நான் ஆறு சொல் எடுக்கிறேன்: "மகளின் கொலுசை அடகுவைத்தேன். ஆசிரியையாகி அவளே மீட்டாள்." இடையில் கட்டிய வட்டியைப் பற்றி இதில் ஒரு சொல்லும் இல்லை. அடகுக்கடைப் படியேறிய எவருக்கும் அதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. சொல்லாத அந்த இடத்தில் கேட்பவர் தன் வீட்டுக் கதையைக் கொண்டுவந்து வைத்துக்கொள்கிறார். நீங்கள் கேட்ட ஈர்ப்பு இதுதான்.

ஆறு சொல் வாழ்க்கைக் கதையை 2006இல் ஓர் அமெரிக்க இணைய இதழ் போட்டியாக வைத்துப் பரப்பியது. (அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே பந்தயத்துக்கு ஆறு சொல்லில் கதை எழுதி ஜெயித்தார் என்பார்கள். ஆதாரம் கிடையாது, நல்ல கதைக்குப் பெரிய பெயரை ஒட்டுவது எல்லா ஊரிலும் உண்டு.) நமக்கு இந்தச் சிக்கனம் பழையது. 1965 வரை சேலம் மாவட்டத்தோடு இருந்த தருமபுரிப் பக்கம், சண்டையில் இறந்தவர்களுக்காக எழுத்துப் பொறித்து நட்ட நடுகற்கள் நிறைய. எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய சேவகன், மாட்டு மந்தைக்காக நடந்த எந்தச் சண்டையில் இறந்தான் என்பதோடு பெரும்பாலும் முடிந்துவிடும். வீரன், நல்லவன் என்ற பாராட்டைத் தேடத்தான் வேண்டும். செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில், மகேந்திரவர்மப் பல்லவன் காலத்துக் கல் ஒன்றில் இறந்தவனோடு அவனுடைய நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். கள்ளரைக் கடித்துக் காவல் நின்றதாம். கோவிவன் என்று அதன் பெயரையும் பொறித்துவிட்டார்கள். இடமில்லாத கல்லில் நாய்க்கு இடம் கொடுத்தார்களே, அந்த மனிதனை அறிய அதைவிட வேறென்ன வேண்டும்?

எனவே எண்ணுவதை விடாதீர்கள். தியாகம், பாசம், போராட்டம் மூன்றையும் மட்டும் தள்ளிவையுங்கள். கையால் தொட்ட ஒரு பொருள், நீங்கள் செய்த ஒரு காரியம் போதும். ஐந்து சொல்லில் முடிந்தால் ஆறாவதை வலிந்து சேர்க்காதீர்கள். கல்லூரிக்காரர்கள் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

ஆனால் எல்லாவற்றையும் சுருக்கிவிடாதீர்கள். ஒரு முதலாளி கூலி பாக்கி வைத்து ஏமாற்றியதைக் கடிதத்தின் ஓரத்தில் ஒரே வரியில் எழுதியிருந்தீர்கள். அதைச் சுருக்கினால் அவருக்குத்தான் லாபம். எந்த வருடம், எத்தனை கிலோ வேலை, எவ்வளவு பாக்கி என்று தனி நோட்டில் முழுக் கணக்காக எழுதுங்கள். கை வலித்தால் நீங்கள் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதட்டும்.