யார் சொல்கிற கதை இது? பெண்ணியப் பார்வையில் வாசிப்பு: கேள்வி பதில்

வேலூர் சத்துவாச்சாரியில், எங்கள் வீட்டு மொட்டைமாடியில், மாதம் ஒரு ஞாயிறு மாலை புத்தகம் பேசுகிறோம். முப்பது வருடம் தமிழ் டீச்சராக இருந்தவள் என்பதால் கேள்விகள் என்னிடம் வந்து சேர்கின்றன. புத்தகங்களைப் பெண்ணியப் பார்வையில் படிப்பது பற்றி இந்த முறை நிறையப் பேர் எழுதியிருந்தார்கள்.

காட்பாடி, கல்லூரி மாணவி: டீச்சர், இப்படிப் படிக்க எங்கே ஆரம்பிப்பது? தியரி எல்லாம் தெரிந்திருக்க வேண்டுமா?

வேண்டாம்மா. கையில் இருக்கும் கதையிலேயே ஆரம்பி. கதையை யார் சொல்கிறார்கள் என்று முதலில் பார். அப்புறம், முக்கியமான பேச்சு நடக்கும்போது பெண்கள் எங்கே இருக்கிறார்கள் என்று பார். கூடத்தில் நான்கு ஆண்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள், காபி வருகிறது. கொண்டுவந்தது யார் என்று எழுதியிருக்கிறதா, காபி தானாகவே வந்துவிட்டதா? இந்த ஒரு வரியைக் கவனிக்கப் பழகிவிட்டால், முன்பு படித்த பத்து நாவல்களை மறுபடி எடுக்கத் தோன்றும். தியரி வேண்டும் என்றால் பெரியாரின் 'பெண் ஏன் அடிமையானாள்?' போதும். பத்தே அத்தியாயம், முதலாவதே 'கற்பு'. ஒரு சொல் எப்படிப் பெண்ணின் தலையில் மட்டும் ஏற்றப்படுகிறது என்று அவர் விசாரிக்கும் முறை நாவல் படிக்கவும் உதவும்.

ராணிப்பேட்டை, வங்கி ஊழியர்: மு.வ. நம் மண்ணின் மனிதர். 'அகல் விளக்கு' நாவலை இப்படிக் கேள்வி கேட்பது அவரைச் சிறுமைப்படுத்துவது ஆகாதா?

ஆகாது சார். மதிப்பு இருக்கிற புத்தகத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்போம். 1961-ல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல் அது. வாலாசாவும் பெருங்காஞ்சியும் அதில் வருவதால் நம் ஊர்க்காரர்களுக்குக் கூடுதல் பாசம், எனக்கும்தான்.

கதை முழுவதையும் வேலய்யன் சொல்கிறான். அவன் நண்பன் சந்திரன் சென்னையில் படிக்கும்போது இமாவதி அவனோடு கள்ளமில்லாமல் பழகுகிறாள். அவன் அதைக் காதல் என்று எடுத்துக்கொள்கிறான். அப்படி இல்லை என்று தெரிந்ததும் உடைந்து, படிப்பை விட்டுவிட்டு எங்கோ போய்விடுகிறான். நாவலும் அவன் பின்னாலேயே போகிறது. பதினேழு வயதில் படித்தபோது சந்திரனுக்காக அழுதேன். நாற்பதுக்கு மேல் மறுபடி படித்தபோது இமாவதி பக்கமாகப் போய் நின்று பார்த்தேன். சிரித்துப் பேசியதைத் தவிர அவள் ஒன்றும் செய்யவில்லை. மு.வ. அவளைக் கெட்டவளாகக் காட்டவும் இல்லை. ஆனாலும், காணாமல் போனவனைப் பற்றி அவள் மனதில் என்ன ஓடியிருக்கும், எத்தனை பேர் அவளை ஒரு மாதிரி பார்த்திருப்பார்கள் என்பதெல்லாம் வேலய்யனுக்கு எட்டாத இடம். எங்கள் கூட்டத்தில் இமாவதி எழுதுவதாக ஒரு கடிதம் எழுதிப் பார்த்தோம். பையன்களும் எழுதினார்கள். "நான் பேசினதுல என்ன தப்பு?" என்றுதான் பாதிக் கடிதங்கள் தொடங்கின. இந்த ஊர்ப் பெண்பிள்ளைகள் எல்லோரும் ஒருமுறையாவது கேட்டிருக்கும் கேள்வி அது.

ஆம்பூர், ஷூ கம்பெனித் தொழிலாளி: அக்கா, காலையில கம்பெனி பஸ் ஏறினா ராத்திரிதான் வீடு. அப்புறம் சமையல். நாங்க எப்போ படிக்கிறது? எங்களுக்கு என்ன புத்தகம் இருக்கு?

உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு வெகுநேரம் யோசித்தேன். நேரமே கிடைக்காதவளிடம் "தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்" என்று சொல்வது அநியாயம். அதனால் சிறுகதை. அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' படியுங்கள், ஒரே இரவில் முடிந்துவிடும். ராஜஸ்தானில் ஒரு பெரிய கூட்டுக் குடும்பம், அங்கே இருண்டு கிடக்கும் ஒரு சமையலறை. தெற்கிலிருந்து வந்த மருமகள் மீனாட்சி அதைக் கொஞ்சம் வசதியாக மாற்றலாமே என்கிறாள். வீட்டு ஆண்களுக்கு அவள் என்ன கேட்கிறாள் என்றே புரிவதில்லை. அந்த அடுப்படிக்குள் எத்தனை பெண்களின் ஆயுள் கழிந்தது, அங்கே கிடைக்கும் சின்ன அதிகாரத்துக்காகப் பெண்களே எப்படி ஒருவரையொருவர் பிடித்துக் கீழே இழுக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது.

பிறகு நேரம் கிடைக்கும்போது ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்'. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளிகளின் கதை. அந்த இடத்துக்கே போய்ப் பார்த்துப் பேசிவிட்டு எழுதியவர் அவர். கூலி, மேஸ்திரி, உடம்பு நோவு எல்லாம் வரும். படிக்கும்போது உங்கள் லைன் சூப்பர்வைசர் ஞாபகம் வரலாம்.

இன்னொன்றும் சொல்கிறேன். வை.மு. கோதைநாயகி அம்மாள் நூறு நாவல்களுக்கு மேல் எழுதியவர். தொடக்கத்தில் அவருக்குச் சரளமாக எழுத வராது. அவர் வாயால் சொல்ல, தோழி ஒருவர் எழுதினார். அதனால் மகளை வாசிக்கச் சொல்லிக் காதால் கேட்டாலும் அது வாசிப்புதான். உங்கள் கம்பெனிக் கதையைச் சொல்ல ஆசை இருந்தால் சொல்லுங்கள். ஞாயிறு ஆம்பூருக்கே வருகிறேன், நோட்டும் பேனாவும் நான் கொண்டுவருகிறேன்.

குடியாத்தம், சினிமா ஆர்வலர்: இரண்டு பெண்கள் ஆணைப் பற்றி அல்லாமல் பேசிக்கொள்கிறார்களா என்று பார்க்கும் பெக்டெல் சோதனையைத் தமிழ் நாவலுக்கும் வைக்கலாமா?

வைக்கலாம், சும்மா எண்ணிப் பார்க்க. 1985-ல் அலிசன் பெக்டெல் தன் சித்திரக்கதையில் சினிமாவைப் பற்றிச் சொன்னது அது. தேறிய கதை நல்ல கதை என்று அர்த்தம் இல்லை. கணவனைப் பற்றி மட்டுமே பேசும் இரண்டு பெண்கள், அந்தப் பேச்சு வழியாகவே தங்கள் வாழ்க்கை முழுவதையும் கொட்டிவிட முடியும்.

அரக்கோணம், ஆராய்ச்சி மாணவர்: பெண்ணியம் என்பது மேல்சாதி, படித்த பெண்களின் பேச்சு என்று எங்கள் தெருவில் சொல்கிறார்கள். தவறா?

அந்தக் கோபத்துக்குக் காரணம் உண்டு தம்பி. வீட்டை விட்டு வெளியே போக விடவில்லை என்பது ஒருத்தியின் துயரம். வெயிலில் காட்டு வேலைக்குப் போகாமல் இருக்க முடியாது என்பது இன்னொருத்தியின் துயரம். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் அடக்கினால் பொய்யாகிவிடும்.

தலித் எழுத்தாளர் பாமாவின் 'கருக்கு' 1992-ல் வந்தது, 'சங்கதி' 1994-ல். 'சங்கதி'யை உங்கள் தெருவில் சத்தமாக வாசியுங்கள். பேச்சு மொழியில் இருப்பதால் வயதானவர்களும் கேட்பார்கள். அதில் ஒரு பெண் விறகு பொறுக்கப் போன இடத்தில் தண்ணீர் குடிக்க பம்புசெட்டுக்குள் நுழைகிறாள். மேல்சாதி நிலக்காரன் அவள்மேல் கை வைக்கிறான். தப்பி ஓடிவருகிறாள். அவனோ முந்திக்கொண்டு, அவள் வேறொரு பையனோடு தப்பு செய்தாள் என்று அவளுடைய ஊர்ப் பெரியவர்களிடமே சொல்லிவிடுகிறான். பஞ்சாயத்து கூடுகிறது. பையனைவிட அவளுக்கு அபராதம் அதிகம். கூட்டத்தில் இருந்த பெண்களுக்கு உண்மை தெரியும், ஆனால் வாய் திறக்க விடவில்லை. முதல் அடி சாதியால், இரண்டாவது அடி சொந்தத் தெரு ஆண்களால். ஒன்றை மட்டும் பார்க்கிறவர்கள் அந்தப் பெண்ணைப் பாதிதான் பார்க்கிறார்கள். இது மேல்சாதிப் பெண்ணியத்துக்கும் பொருந்தும், உங்கள் தெரு ஆண்களுக்கும் பொருந்தும்.

வாணியம்பாடி, இல்லத்தரசி: எங்கள் முஸ்லிம் வீட்டுப் பெண்களைப் பற்றி சல்மா எழுதிய 'இரண்டாம் ஜாமங்களின் கதை' நாவலைப் படித்தேன் அக்கா. என் அண்ணன் "நம்ம வீட்டு விஷயத்தை வெளியே காட்டிக்கொடுக்கிற புத்தகம்" என்கிறார்.

உங்கள் அண்ணனின் பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். அந்த நாவலைக் காட்டி "பார், அவங்க வீட்டுப் பெண்கள் பாவம்" என்று பேசுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். அப்படிப் பேசுகிறவர்களிடம் "உங்கள் வீட்டில் வயசுக்கு வந்த பெண்ணை எத்தனை நாள் தனியாக உட்கார வைத்தீர்கள்?" என்று கேட்பேன். ஆனால் அவர்களுக்குப் பயந்து நீங்கள் பேசாமல் இருந்தால், நஷ்டம் உங்களுக்குத்தானே? ராபியா என்ற சின்னப் பெண்ணின் கண் வழியாக எத்தனை பெண்கள் வருகிறார்கள்! அவர்களுக்குள் நடக்கும் கேலியும் சிரிப்பும் பொறாமையும் ஆசையும் சேர்ந்ததுதான் நாவல். அண்ணனிடம் வாதாட வேண்டாம். உங்களுக்குப் பிடித்த ஒரு பக்கத்தை உங்கள் அண்ணியிடம் வாசித்துக் காட்டுங்கள்.

வேலூர், நர்சிங் மாணவி: கதை, நாவல் தவிர வாழ்க்கை வரலாற்றையும் இப்படிப் படிக்கலாமா மேடம்?

கட்டாயம். உனக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. ராணிப்பேட்டையில் 1870-ல் பிறந்த ஐடா ஸ்கடர் டாக்டரான கதை இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். திண்டிவனத்தில் ஓர் இரவு, அடுத்தடுத்து மூன்று ஆண்கள் வந்து, பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவியைப் பார்க்க வரும்படி அவரைக் கூப்பிடுகிறார்கள். நான் டாக்டர் இல்லை, என் அப்பாதான் டாக்டர் என்கிறார். ஆண் டாக்டர் பார்க்கக் கூடாது என்று மூவரும் திரும்பிவிடுகிறார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள். ஐடா அமெரிக்கா போய் மருத்துவம் படித்துத் திரும்பினார். 1900-ல் ஒரே ஒரு படுக்கையோடு வேலூரில் தொடங்கினார், 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி.

இதை நாம் எப்போதும் ஐடாவின் கதையாகச் சொல்கிறோம். அந்த மூன்று பெண்களின் கதையாக ஒருமுறை சொல்லிப் பார். அவர்களுக்குப் பெயர் இல்லை. வாசலில் வந்து பேசியது கணவன், முடிவெடுத்ததும் கணவன். உள்ளே வலியில் கிடந்தவளிடம் "ஆண் டாக்டர் வரட்டுமா?" என்று யாராவது கேட்டார்களா? ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மூன்றாமவர் வேறொரு சாதி இந்து. மற்ற எதில் வேறுபட்டாலும் இதில் மூவரும் ஒரே முடிவெடுத்தார்கள். இதையெல்லாம் கேட்பதால் ஐடா செய்தது சிறிதாகிவிடாது. அவர் பெண்களை மட்டும் சேர்த்துப் பள்ளி தொடங்கியது ஏன், ஆண் மாணவர்கள் 1947 வரை அங்கே ஏன் காத்திருக்க வேண்டியிருந்தது என்பதெல்லாம் இன்னும் நன்றாக விளங்கும்.

திருப்பத்தூர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்: ஆண் எழுத்தாளர் எழுதியதில் பெண்ணியம் இருக்கவே முடியாதா?

இருக்கிறது ஐயா. புதுமைப்பித்தனின் 'சாப விமோசனம்'. தீக்குளித்துக் காட்டச் சொல்லி ராமன் கேட்டான் என்று சீதை சொல்லக் கேட்டதும், அகலிகை மறுபடி கல்லாகிவிடுகிறாள். வகுப்பில் அதைப் பாடமாக நடத்திய நாட்களில், மணி அடித்த பிறகும் பெண்பிள்ளைகள் எழுந்திருக்க மாட்டார்கள்.

ஆற்காடு, வாசிப்புக் கூட்டம் நடத்துபவர்: எங்கள் கூட்டத்துக்குப் பெண்கள் வருகிறார்கள், ஆனால் பேசுவதில்லை. என்ன செய்யலாம்?

எத்தனை மணிக்குக் கூட்டம் வைக்கிறீர்கள்? ஏழு மணி என்றால் அவர்கள் மனம் அடுப்பிலும் கடைசி பஸ்ஸிலும் இருக்கும். நாங்கள் மூன்று மணிக்குத் தொடங்கி ஐந்தரைக்கு முடிக்கிறோம். குழந்தைகளைக் கூட்டிவரலாம், கீழ் வீட்டில் பாய் விரித்து வைத்திருப்போம்.

"கருத்து சொல்லுங்கள்" என்று கேட்டால் பல பெண்கள் ஒதுங்குவார்கள். "உங்களுக்குப் பிடித்த ஒரு வரியை வாசியுங்கள்" என்று கேளுங்கள். வாசித்து முடித்ததும் ஏன் பிடித்தது என்று அவர்களே சொல்லத் தொடங்குவார்கள். நடுவில் யாராவது ஆண் "அதாவது இவங்க என்ன சொல்ல வர்றாங்கன்னா" என்று எழுந்தால், உட்காரச் சொல்லுங்கள். எங்கள் கூட்டத்தில் ஒரு அம்மா எட்டு மாதம் வாயே திறக்கவில்லை. ஒன்பதாவது மாதம் ஒரு பத்தியை வாசித்தார், குரல் நடுங்கியது. இன்று அடுத்த புத்தகம் எது என்று அவர்தான் சொல்கிறார்.

டீ போடுவது, கப் கழுவுவது எல்லாம் உங்கள் கூட்டத்தில் யார்? எங்கள் மாடியில் இரண்டு வருடமாக அது ஆண்கள் முறை.