லாங் பிம்பிள் ரப்பரில் பேக்ஸ்பின் பந்தை எப்படி எடுப்பது?

டேபிள் டென்னிஸில் எதிராளி பேக்ஸ்பின் (பின்னோக்கிய சுழற்சி) போட்டுத் தள்ளும் பந்தை லாங் பிம்பிளால், அதாவது நீளமான முட்கள் கொண்ட பேட் ரப்பரால், திருப்பித் தள்ளினால் அது எழும்பிப் போய் அடி வாங்குகிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். தள்ளாதீர்கள், அடியுங்கள்.

முழங்கால் வலி வந்த பிறகு பேக்ஹேண்ட் பக்கம் லாங் பிம்பிள் ஒட்டிக்கொண்டவன் நான். முதல் மூன்று மாதம் பள்ளிச் சிறுவர்களிடம்கூடத் தோற்றேன். ரப்பர் மாறியது, கை மாறவில்லை. சாதாரண ரப்பரில் பேக்ஸ்பின் பந்து பட்டதும் வலைக்குள் இறங்கும்; அதனால் பேட்டை மல்லாத்திப் பிடித்து அடியில் சீவுவோம். லாங் பிம்பிளில் அதையே செய்தால் பந்து மிதந்துபோய், தாம்பூலத் தட்டில் வைத்ததுபோல எதிராளியின் ஃபோர்ஹேண்டில் நிற்கும்.

நீளமான முட்கள் பந்தைக் கவ்வுவதில்லை, வளைந்து கொடுக்கின்றன. பந்து சுழன்ற திசையிலேயே சுழல்கிறது; போகும் திசை மட்டும் மாறுகிறது. ஆகவே பேக்ஸ்பின்னாக வந்தது எதிராளிக்கு லேசான டாப்ஸ்பின்னாக, அதாவது முன்னோக்கிய சுழற்சியாகப் போகிறது. அந்த டாப்ஸ்பின் அவர் நமக்கு இலவசமாகத் தந்தது. நாம் முன்னோக்கித் தட்டும் பந்தை மேசைக்குள் வளைத்து இறக்குவது அதுதான்.

பேட்டை ஏறக்குறைய நிமிர்த்திப் பிடியுங்கள். பந்து எழும்பி உச்சிக்கு வரும்போதே எடுத்துவிட வேண்டும். முழங்கையிலிருந்து முன்னே, கொஞ்சம் மேலே, ஒரு சிறு குத்து. கையை வீசவே வேண்டாம். ஓங்கி அடித்தால் முட்கள் நசுங்கி, பந்து அடிப்பரப்பில் அழுந்தும். பிறகு சாதாரண ரப்பர் போலவே அதுவும் பந்தை வலையில் போடும். அடியில் ஸ்பாஞ்ச் என்னும் மென்மையான அடுக்கு இல்லாத ரப்பரில் இந்தத் தட்டலை இன்னும் மெதுவாகச் செய்ய வேண்டும்.

2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் இந்தியாவின் மனிகா பத்ரா சிங்கப்பூரின் ஃபெங் தியான்வெயை வென்ற ஆட்டங்களின் காணொளி கிடைத்தால், லாங் பிம்பிள் ஒட்டிய மனிகாவின் பேக்ஹேண்டை மட்டும் கவனியுங்கள். பிம்பிள் என்றாலே தடுத்தாடும் கிழவர்களின் ரப்பர் என்ற எண்ணம் போய்விடும். தேவைப்படும்போது பேட்டைக் கையிலேயே திருப்பி, மறுபக்க ரப்பரால் ஆடுவதையும் அவரிடம் பார்க்கலாம். குட்டையாக வரும் பந்துக்கு நானும் அப்படித் திருப்பித் தள்ளுகிறேன், பத்தில் இரண்டு முறை பேட் கீழே விழுந்தாலும்.

உண்மையில் கனமான பேக்ஸ்பின் நமக்குப் பகையே அல்ல. சுழற்சியில்லாத செத்த பந்துதான் தொல்லை: திருப்பித் தர அதில் எதுவும் இல்லை, தட்டினால் மேசையைத் தாண்டிப் போகும். விவரம் தெரிந்த எதிராளி அதைத்தான் மாற்றி மாற்றித் தருவார். அதற்கு மட்டும் பேட்டை இன்னும் சற்றுக் கவிழ்த்து, வேகத்தைக் குறையுங்கள். பயிற்சியில் நண்பரிடம் இரண்டையும் சொல்லாமல் கலந்து போடச் சொல்லுங்கள். பந்தின் மேல் அச்சிட்ட முத்திரை தெளிவாகத் தெரிந்தால் அது செத்த பந்து. மங்கிக் கலங்கித் தெரிந்தால் தயங்காமல் குத்துங்கள்.