வீட்டுக்கு நெட், யார் வீட்டுக் காசு?

கேள்வி: ஆளுக்கொரு போன், அதில் தினமும் ஒன்றரை ஜிபி டேட்டா. இதற்கு மேல் ஏழைகள் வீட்டுக்கு மலிவு விலையில் இன்டர்நெட் கொடுக்க வேண்டும் என்கிறார்களே, யார் வீட்டுக் காசு?
(ஒரு வாசகர், திண்டுக்கல்)

பதில்: அவர்கள் வீட்டுக் காசுதான். கணக்கு கடைசியில் வருகிறது. முதலில் அந்த ஒன்றரை ஜிபியைப் பார்ப்போம்.

எங்கள் அலுவலகத்தைக் கூட்டித் துடைக்க வரும் அக்கா வீட்டில் நான்கு பேர், மூன்று போன். ஒன்று அவரிடம், ஒன்று சென்ட்ரிங் வேலைக்குப் போகும் வீட்டுக்காரரிடம். மூன்றாவது போனுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மகளும் ஒன்பதாவது படிக்கும் மகனும் தினமும் அடிதடி. ஒருத்தி வீடியோவில் கணக்குப் பாடம் பார்த்து முடிப்பதற்குள், இன்றைய டேட்டா தீர்ந்தது என்று மெசேஜ் வந்துவிடும். அப்புறம் திரையில் சக்கரம் சுற்றுவதைத்தான் பார்க்க வேண்டும்.

மூன்று போனுக்கும் தலா முந்நூறு ரூபாய் போல ரீசார்ஜ். அதுவும் மாதத்துக்கு அல்ல, 28 நாளுக்கு. காலண்டரில் வருடத்துக்கு 12 மாதம், ரீசார்ஜ் கடையில் 13. (இந்தப் பதின்மூன்றாவது மாதத்தைக் கண்டுபிடித்தவருக்கு யாராவது சிலை வைக்கலாம்.) ஆக வருடத்துக்கு 11,700 ரூபாய்.

அதற்கு வீட்டில் ஒரு லைன் போட்டுக்கொள்ளலாமே என்று நானும் உங்களைப் போல விவரம் தெரியாமல் கேட்டேன். அவர் ஏற்கெனவே விசாரித்திருந்தார். போஸ்டரில் 399 கொட்டை எழுத்தில் இருக்கும், ‘ப்ளஸ் ஜிஎஸ்டி’ எறும்பு எழுத்தில் இருக்கும். 18 சதவீதம் சேர்த்தால் 471. அதைக்கூடக் கட்டிவிடுவாராம். ஆனால் ஆறு மாதக் காசை மொத்தமாகக் கட்டினால்தான் ரூட்டர் இலவசம், இல்லையென்றால் ரூட்டருக்கும் பொருத்துவதற்கும் தனிக்காசு. ஆறு மாதம் என்றால் 2,825 ரூபாய். “அவ்ளோ பணம் ஒண்ணா கையில இருந்தா மொதல்ல வட்டிக்காரனுக்குத்தான் சார் குடுப்பேன்” என்றார்.

கேபிள் டிவிக்கு நம் தெருவில் ஆறு மாத முன்பணமா கேட்டார்கள்? 2011-இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தபோது, தெருவில் ஏற்கெனவே இருந்த கேபிள்காரர்தான் வயர் இழுத்தார், மாதாமாதம் வந்து வசூலித்தார். “ரெண்டு நாள் கழிச்சு வாங்கண்ணா” என்றால் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டுத் திரும்பி வருவார். இன்டர்நெட்டுக்கும் அந்த மாதிரி ஓர் ஆள் வேண்டும்.

கேரளத்தில் 2023 ஜூனில் கே-ஃபோன் என்ற அரசு இன்டர்நெட் திட்டத்தைத் தொடங்கினார்கள். மாநில மின்வாரியமும் அதில் பங்குதாரர், ஆகவே வயர் இழுக்க மின்கம்பம் கைவசம். 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவசம் என்பது இலக்கு. முதல் கட்டத்தில் அறிவித்ததோ தொகுதிக்கு 100 வீடு, மொத்தம் 14,000. யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஆனாலும் காசு கட்டுகிறவர்களுக்கு 299 ரூபாயில், ஜிஎஸ்டி தனி, 20 எம்பிபிஎஸ் என்று விலைப்பட்டியலை ஆரம்பித்தார்கள். ஒரு குடும்பம் படிக்கவும் படம் பார்க்கவும் அந்த வேகம் தாராளம்.

இங்கே? 2011 அக்டோபரில் மத்திய அமைச்சரவை, நாட்டின் 2.5 லட்சம் ஊராட்சிகளுக்கும் இரண்டே வருடத்தில் ஃபைபர் இன்டர்நெட் லைன் என்று ஒப்புதல் தந்தது. பிறகு திட்டத்தின் பெயர் பாரத்நெட் என்று மாறியது, கெடுவும் மாறிக்கொண்டே வந்தது. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்குக் கம்பி இழுக்க டான்ஃபிநெட் என்ற மாநில அரசு நிறுவனம் வந்தது. டெண்டர் நிபந்தனைகள் போட்டியைக் குறுக்குகின்றன என்று புகார் கிளம்பி, 2020-இல் அந்த டெண்டரே ரத்தானது. இவ்வளவுக்கும் பிறகு கம்பி வந்து சேரும் இடம் ஊராட்சி அலுவலகம். அங்கிருந்து காலனித் தெரு நானூறு அடி இருந்தால், அந்த நானூறு அடியை யார் இழுப்பது, யார் செலவு செய்வது என்பதில்தான் எல்லாம் நிற்கிறது.

இப்போது கணக்கு. கிராமங்களுக்கும் எட்டாத இடங்களுக்கும் தொலைத்தொடர்பு போய்ச் சேர வேண்டும் என்று 2002-இலிருந்து ஒரு நிதி இருக்கிறது. இப்போது அதன் பெயர் டிஜிட்டல் பாரத் நிதி. தொலைபேசி நிறுவனங்கள் தங்கள் வருவாயில் 5 சதவீதத்தை அதில் கட்ட வேண்டும். நிறுவனங்கள் சட்டைப்பையிலிருந்தா எடுத்துக் கட்டும்? ரீசார்ஜில்தான் எடுக்கும். அக்காவின் 11,700 ரூபாயில் ஜிஎஸ்டி மட்டும் 1,780 ரூபாய்க்கு மேல். மீதியில் 5 சதவீதம் கிட்டத்தட்ட ஐந்நூறு. ஆக, வருடத்துக்கு இரண்டாயிரத்துக்கு மேல் அந்த ஒரு வீட்டிலிருந்து அரசுக்குப் போகிறது. ஒரு சாதா ரூட்டரை அதில் வாங்கிவிடலாம்.

அந்த நிதியிலிருந்து ரூட்டரையும் கடைசி நானூறு அடியையும் கொடுங்கள், லைனை உள்ளூர் கேபிள்காரர் கையில் விடுங்கள், மாத வாடகையை அக்கா கட்டிக்கொள்வார். இதில் இலவசம் எங்கே வருகிறது, சொல்லுங்கள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அவருடைய மகள் எங்கள் அலுவலக வாசற்படியில் நோட்டோடு உட்கார்ந்திருப்பாள். வைஃபை பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி எங்கள் அக்கவுண்ட்ஸ்காரர் மூன்று மாதமாக நச்சரிக்கிறார். எனக்குத்தான் மறந்து மறந்து போகிறது.