ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருக்கிறதா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: ரவுட்டர் தானாக அணைந்து அணைந்து எழுகிறது. என்ன மாடல், அடாப்டரில் என்ன அச்சடித்திருக்கிறது, எந்த விளக்கு எரிகிறது என்று எழுதியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பதில் சொல்லும்படி இருந்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: மணிக்கு ஒரு முறையாவது நெட் போய்ப் போய் வருகிறது. ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆகிறது என்று நினைக்கிறேன். என்ன செய்யலாம்?

பதில்: நினைத்தால் போதாது, நேரில் பாருங்கள். நெட் போன நொடியில் ரவுட்டர் முன்னால் போய் நில்லுங்கள். எல்லா விளக்கும் ஒரேயடியாக அணைந்து, முதலில் பவர் விளக்கும், ஒன்றிரண்டு நிமிடத்தில் மற்றவை ஒவ்வொன்றாகவும் வந்தால் அது ரீஸ்டார்ட். பவரும் வைஃபையும் எரிந்தபடி இருக்க இன்டர்நெட் விளக்கு மட்டும் போனாலோ, ஃபைபர் பெட்டியில் ‘லாஸ்’ (லைனில் சிக்னல் இல்லை என்று சொல்லும்) விளக்கு சிவப்பாக மின்னினாலோ, கோளாறு லைனில். ரவுட்டர் மேல் பழி போடாதீர்கள்.

அந்த நேரத்தில் பக்கத்தில் இருக்க முடியவில்லையா? அட்மின் பக்கத்தில் (பிரவுசரில் திறக்கும் ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கம்) ‘அப்டைம்’ எவ்வளவு என்று பாருங்கள். ஆறு நாள் என்று காட்டினால் ஆறு நாளாக அது அணையவே இல்லை. ரவுட்டர் தானே எழுதிக்கொள்ளும் குறிப்பேடான சிஸ்டம் லாகையும் பாருங்கள். வீட்டு ரவுட்டர்களில் பொதுவாகக் கடிகார பேட்டரி கிடையாது. நெட் வந்த பிறகுதான் நேரத்தை வாங்கிக்கொள்ளும். அதனால் எழுந்தவுடன் பதியும் வரிகளில் 1970 ஜனவரி 1 என்ற தேதி இருக்கும் (சில மாடல்களில் ஃபர்ம்வேர், அதாவது ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருள், தயாரான தேதி). நடுவில் திடீரென்று 1970 வந்தால் அங்கே ஒரு ரீஸ்டார்ட் நடந்திருக்கிறது. பல மாடல்களில் ரீஸ்டார்ட் ஆனதும் பழைய லாக் மொத்தமாகப் போய்விடும். லாக் பத்து நிமிடத்துக்கு முன்னால்தான் தொடங்குகிறது என்றால் அதுவும் சாட்சிதான்.

கேள்வி: அடாப்டரை மல்டிமீட்டரில் சோதித்தேன். 12 வோல்ட் சரியாக வருகிறது. அப்படியானால் அடாப்டர் நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

பதில்: இல்லை. லோடு இல்லாமல் அளந்திருக்கிறீர்கள். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் சூட்டில் வருடக்கணக்காக இருந்து காய்ந்துபோன அடாப்டரும், சும்மா இருக்கும்போது 12 காட்டும். ரவுட்டர் வேலையைத் தொடங்கி மின்சாரத்தை இழுக்கும்போதுதான் சரியும். இதே அளவுள்ள வேறொரு நல்ல அடாப்டரை ஒரு நாள் மாட்டிப் பாருங்கள். அதைவிடச் சுலபமான சோதனை எனக்குத் தெரியாது. அடாப்டரைப் பிரித்துப் பார்க்கும் ஆசை வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட் அளவுக்குத் தங்கியிருக்கலாம்.

கேள்வி: ரவுட்டரின் அடாப்டர் கெட்டுவிட்டதால் பழைய செட்டாப் பாக்ஸின் அடாப்டரை மாட்டினேன். பின் கச்சிதமாகப் பொருந்துகிறது, ரவுட்டரும் ஆன் ஆகிறது. ஆனால் இரவில் எல்லோரும் வீடியோ பார்க்கும் நேரத்தில் ரீஸ்டார்ட் ஆகிறது. புது ரவுட்டர் வாங்கிவிடலாமா?

பதில்: வாங்காதீர்கள்! இந்தக் கேள்வியை வேறு வேறு வார்த்தைகளில் எத்தனை முறை படித்திருப்பேனோ தெரியாது. எல்லாவற்றிலும் தவறாமல் ஒரு வாக்கியம் இருக்கும்: ‘பின் பொருந்துகிறது.’ காதில் சரியாக உட்காருகிறது என்பதற்காக அடுத்தவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நடப்பீர்களா?

அடாப்டரின் லேபிளைப் படியுங்கள். ‘அவுட்புட்’ என்ற வரிதான் முக்கியம். வோல்ட் அதே அளவு இருக்க வேண்டும். 12 என்றால் 12. 9 வோல்ட் கொடுத்தாலும் சில ரவுட்டர்கள் விளக்கைக் காட்டி ஏமாற்றும், நிலையாக ஓடாது. லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டரை மாட்டினால் ரீஸ்டார்ட் தொல்லையே இருக்காது, ரவுட்டரே இருக்காது. ஆம்ப்ஸ் அதே அளவோ அதற்கு மேலோ இருக்கலாம். இங்கேதான் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். 2 ஆம்ப்ஸ் அடாப்டர் 1 ஆம்ப்ஸ் ரவுட்டரை எரித்துவிடாது, ஏனென்றால் ரவுட்டர் தனக்கு வேண்டியதைத்தான் எடுத்துக்கொள்ளும். 2 ஆம்ப்ஸ் கேட்கும் ரவுட்டருக்கு 1 ஆம்ப்ஸ் அடாப்டரைக் கொடுப்பதுதான் தவறு. உங்கள் வீட்டில் நடப்பது பெரும்பாலும் அதுதான்.

இரவில் மட்டும் ஏன் என்றால், பகலில் ஒன்றிரண்டு போன்கள்தான். ரவுட்டர் அரைத் தூக்கத்தில் இருக்கும், குறைந்த ஆம்ப்ஸிலும் சமாளித்துவிடும். இரவில் வைஃபையின் இரண்டு பேண்டும் (2.4, 5 ஜிகாஹெர்ட்ஸ்) ஒரே நேரத்தில் அனுப்புகின்றன, பிராசஸர் முழு வேகத்தில் ஓடுகிறது. அடாப்டரால் கொடுக்க முடியவில்லை, வோல்டேஜ் இறங்குகிறது, ஒரு அளவுக்குக் கீழே போனதும் சிப் தானாகவே ரீசெட் ஆகிறது. மறுபடி எழும்போது லோடு இல்லை, எல்லாம் நன்றாகத் தெரிகிறது. போன்கள் திரும்ப ஒட்டிக்கொண்டு வீடியோ ஓடத் தொடங்கியதும் அதே கதை. நீங்கள் ரவுட்டரைத் திட்டுகிறீர்கள்.

இன்னும் இரண்டு விஷயம். லேபிளில் ஒரு சிறிய வட்டப் படம் இருக்கும்: நடுவில் புள்ளி, சுற்றி அரை வட்டம், இரண்டு பக்கமும் பிளஸ், மைனஸ். நடுப்புள்ளி பிளஸ்ஸா மைனஸ்ஸா என்பதை ரவுட்டரில் இருக்கும் படத்தோடு ஒப்பிடுங்கள். மாறிப்போனால் போர்டு போய்விடலாம். அப்புறம், அடாப்டர் முனையின் வெளிவட்டம் 5.5 மில்லிமீட்டர் என்று ஒரே மாதிரி இருந்தாலும் உள்துளை 2.1, 2.5 என இரண்டு அளவில் வருகிறது. 2.5 துளையை ரவுட்டரின் 2.1 பின்னில் செருகினால் போகும், ஆனால் ஆடும். மேசையில் யாராவது கை வைத்தாலே ரீஸ்டார்ட் ஆகிறது என்று எழுதியவருக்கும் இதுவே பதில்.

சரியான அடாப்டர் கிடைத்ததும் அதன் முதுகில் ‘ரவுட்டர்’ என்று மார்க்கரால் எழுதிவிடுங்கள். அடுத்த முறை வீட்டைச் சுத்தம் செய்யும்போது மாறிப் போகாது.

கேள்வி: தினமும் அதிகாலை 3 மணிக்குச் சரியாக ரீஸ்டார்ட் ஆகிறது.

பதில்: கடிகாரம் பார்த்து வரும் கோளாறு எதுவும் கிடையாது. செட்டிங்ஸில் யாரோ ஆட்டோ ரீபூட்டைப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: பின்பக்கத் துளையில் ஊசியை விட்டுப் பத்து நொடி அழுத்தினால் ரீஸ்டார்ட் பிரச்சினை தீரும் என்று நண்பர் சொன்னார். அழுத்தினேன். இப்போது நெட்டே வரவில்லை. உதவுங்கள்.

பதில்: நண்பரையே கூப்பிடுங்கள். அது ரீஸ்டார்ட் பட்டன் அல்ல, ரீசெட். நெட் இணைப்புக்கு நிறுவனம் கொடுத்த பிபிபிஓஇ யூசர்நேம், பாஸ்வேர்ட், வீலேன் எண், உங்கள் வைஃபை பெயர் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குத் திருப்பிவிட்டீர்கள். இணைப்பு கொடுத்த நிறுவனத்திடம் அந்த விவரங்களைக் கேட்டு வாங்கித் திரும்பப் போடுங்கள். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: அட்மின் பக்கத்தில் பேக்கப் எடுக்காமல், விவரங்களைத் தாளில் குறித்துக்கொள்ளாமல் அந்தத் துளையைத் தொடாதீர்கள். செட்டிங்ஸ் குழம்பியிருந்தால்தான் ரீசெட் உதவும். அடாப்டர் சோர்ந்திருந்தால் ஆயிரம் முறை ரீசெட் செய்தாலும் ஒன்றும் மாறாது.

கேள்வி: ரவுட்டரின் யூஎஸ்பியில் ஹார்ட் டிஸ்க் மாட்டிய நாளிலிருந்து தொல்லை.

பதில்: கழற்றுங்கள். சுழலும் டிஸ்க் கிளம்பும்போது 1 ஆம்ப்ஸ் வரை இழுக்கும்; யூஎஸ்பி 2.0 போர்ட் அரை ஆம்ப்ஸுக்குத்தான் பொறுப்பு. டிஸ்க் வேண்டுமென்றால் தனி பவர் உள்ள ஹப் வழியாக மாட்டுங்கள்.

கேள்வி: எங்கள் ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருக்கிறது. வெள்ளை நிறம், இரண்டு ஆன்டெனா. எந்த ஃபர்ம்வேர் போட வேண்டும்?

பதில்: உலகத்தில் பாதி ரவுட்டர்கள் வெள்ளை நிறம், இரண்டு ஆன்டெனா. கவிழ்த்து அடியில் உள்ள லேபிளைப் படியுங்கள். மாடல் எண்ணோடு ஹார்ட்வேர் வெர்ஷனும் இருக்கும். ஒரே மாடல் பெயரில் வெர்ஷன் 1, 2, 3 என்று வந்தவற்றின் உள்ளே வேறு வேறு சிப் இருக்கலாம். மாற்றிப் போட்டால் இப்போது இருக்கும் ரீஸ்டார்ட்டும் இல்லாமல் செங்கல்லாகிவிடும். தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் அந்த வெர்ஷனுக்கு உரியதை மட்டும் எடுங்கள். அடாப்டர் சந்தேகம் தீராமல் அப்டேட்டே செய்யாதீர்கள். பாதியில் ரீஸ்டார்ட் ஆனால் முடிந்தது.

கேள்வி: 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும் ஒரு நிமிடம் மறைந்து, பிறகு தானாக வருகிறது. 2.4 அப்படியே இருக்கிறது. இதுவும் ரீஸ்டார்ட்தானா?

பதில்: இல்லை. நீங்கள் கவனித்து எழுதியிருப்பதற்கு நன்றி. 5 ஜிகாஹெர்ட்ஸில் 52 முதல் மேலே உள்ள சேனல்களில் பலவற்றை ரேடார்களோடு பங்கிட வேண்டியிருக்கிறது. ரேடார் சிக்னல் என்று பட்டால் ரவுட்டர் அந்தச் சேனலை விட்டு விலகியாக வேண்டும். அதே வகையில் இன்னொரு சேனலுக்குப் போனால், சுமார் ஒரு நிமிடம் சும்மா இருந்து கேட்டுவிட்டுத்தான் பேசத் தொடங்கும். சேனலை 36 முதல் 48-க்குள் நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் நொடியில் ரவுட்டர் அணைந்து எழுகிறது. மினி யூபிஎஸ் வாங்கினால் சரியாகுமா?

பதில்: முதலில் இன்வெர்ட்டரின் பின்னால் ‘யூபிஎஸ் மோட்’ சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். அதில் வைத்தால் வேகமாக மாறும்; அந்த இடைவெளியை நல்ல அடாப்டர் தாங்கிவிடும். மினி யூபிஎஸ்ஸும் (ரவுட்டருக்கான சிறிய பேட்டரிப் பெட்டி) நல்ல தீர்வுதான், ஆனால் அதற்கும் லேபிள் உண்டு. ரவுட்டருக்கு ஒன்றரை ஆம்ப்ஸ், ஃபைபர் பெட்டிக்கு 1 ஆம்ப்ஸ் என்றால், இரண்டையும் ‘ஒய்’ கேபிளில் 2 ஆம்ப்ஸ் மினி யூபிஎஸ்ஸில் தொங்கவிட்டுவிட்டு எனக்கு எழுதாதீர்கள்.

கேள்வி: இதெல்லாம் வைரஸாக இருக்குமோ?

பதில்: இருக்கலாம், ஆனால் அது முதல் சந்தேகம் அல்ல. 2018-இல் விபிஎன்ஃபில்டர் என்ற நச்சு நிரல் சுமார் 5 லட்சம் ரவுட்டர்களிலும் சேமிப்புக் கருவிகளிலும் புகுந்தது. எல்லோரும் ரவுட்டரை ஒரு முறை ரீஸ்டார்ட் செய்யுங்கள் என்று அமெரிக்காவின் எஃப்பிஐ கேட்டுக்கொண்டது. அதன் ஒரு பகுதி ரீஸ்டார்ட்டுக்கும் அசையாமல் உள்ளேயே இருந்தது. அட்மின் பாஸ்வேர்டை இன்னும் ‘அட்மின்’ என்றே வைத்திருந்தால் இன்றே மாற்றுங்கள். வெளியிலிருந்து ரவுட்டர் செட்டிங்ஸுக்குள் நுழைய விடும் ரிமோட் மேனேஜ்மென்ட்டை அணையுங்கள். அதன் பிறகும் ரீஸ்டார்ட் ஆனால் அடாப்டருக்குத் திரும்புங்கள்.

கேள்வி: ரவுட்டரை டிவி அலமாரிக்குள் செட்டாப் பாக்ஸ் மேல் வைத்திருக்கிறோம். கதவு மூடியே இருக்கும். மதியத்தில்தான் அதிகம் ரீஸ்டார்ட் ஆகிறது.

பதில்: வெளியே எடுங்கள். பெரும்பாலான வீட்டு ரவுட்டர்கள் 40 டிகிரி வரைதான் தாங்கும் என்று அதன் தாளிலேயே போட்டிருக்கும்.

கேள்வி: அடாப்டர் புதிது, லேபிள் பார்த்து வாங்கியது. ஃபர்ம்வேரும் புதிது. வெளியில்தான் வைத்திருக்கிறேன், சூடில்லை. இன்னும் ரீஸ்டார்ட் ஆகிறது.

பதில்: கேள்வி கேட்டால் இப்படிக் கேட்க வேண்டும். எல்லா கேபிளையும் கழற்றி, வைஃபையையும் அணைத்து, பவர் மட்டும் கொடுத்து ஒரு மணி நேரம் விடுங்கள். பிளக்கையும் மாற்றுங்கள், தளர்ந்த எக்ஸ்டென்ஷன் போர்டும், அதே போர்டில் ஓடும் மோட்டாரும் இந்த வேலையைச் செய்யும். அப்போதும் அணைந்து எழுந்தால் போர்டு போய்விட்டது. இடி மின்னலுக்குப் பிறகு தொடங்கியதா என்று யோசித்துப் பாருங்கள். வாரன்ட்டி இருந்தால் பிரிக்காமல் கொடுங்கள். இணைப்பு நிறுவனம் கொடுத்த பெட்டி என்றால் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

அணையாமல் நின்றால், வைஃபையை ஆன் செய்து அரை நாள், பிறகு கேபிள்களை ஒவ்வொன்றாகச் செருகி அரை நாள் பாருங்கள். எதைச் செருகியதும் விழுகிறதோ அந்தக் கேபிளைப் பின்தொடருங்கள். இரண்டு முனையும் அதே ரவுட்டரிலோ அதே நெட்வொர்க் ஸ்விட்சிலோ செருகியிருந்தால் லூப்பாகி, அதாவது தகவல் வட்டமடித்து, எல்லாம் திணறும். என்ன கிடைத்தது என்று எழுதுங்கள், மாடல் எண்ணோடு.