அப்பா ஊரெல்லாம் சொல்லிவிட்டார்... நான் எந்த லேபுக்குப் போவது?

வணக்கம் மேடம்,

எனக்கு வயது 24. ஊர் பாளையங்கோட்டை. பயோமெடிக்கல் இன்ஜினியரிங்கில் எம்.டெக். முடிக்கப்போகிறேன். அமெரிக்காவில் இரண்டு பல்கலைக்கழகங்களில் பயோஇன்ஜினியரிங் பிஎச்.டி.க்கு இடம் கிடைத்திருக்கிறது. இரண்டிலும் கட்டணம் இல்லை, உதவித்தொகை உண்டு. ஏப்ரல் 15க்குள் பதில் சொல்ல வேண்டும்.

ஒன்று எல்லோருக்கும் தெரிந்த பெரிய பெயர். 'ஆர்கன் ஆன் சிப்' (சிறு சிப்பில் செல்களை வளர்த்து உடல் உறுப்பைப் போல இயங்க வைப்பது) ஆராய்ச்சியில் பிரபலமான பேராசிரியர் ஒருவர் நேரடியாகத் தன் லேபுக்கே என்னை எடுத்துக்கொள்கிறார். வருடத்துக்கு 43,000 டாலர். பகிர்ந்து தங்கும் அறைக்கு மாதம் 1,600 டாலர் ஆகுமாம். இன்னொன்று மாநிலப் பல்கலைக்கழகம். முதல் வருடம் மூன்று லேபில் ரொட்டேஷன் (மாறி மாறி வேலை பார்ப்பது) செய்துவிட்டு கைடைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 34,000 டாலர், வாடகை 900. அங்கே எலும்புத் திசு வளர்க்கும் லேப் ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

முதல் கடிதம் வந்த அன்றே அப்பா சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டார். அந்தப் பெரிய லேப் மாணவர்களோடு வீடியோ காலில் பேசினேன். "சார் நமக்கு நேரம் கொடுப்பாரா?" என்று கேட்டேன். ஒரு சீனியர் மைக்கை அணைத்து, மறுபடி போட்டு, "இங்கே சீக்கிரமே சொந்தக்காலில் நிற்கக் கற்றுக்கொள்வாய்" என்றார். அந்தச் சில வினாடி மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

எக்செலில் 41 வரி போட்டு இரண்டையும் ஒப்பிட்டுவிட்டேன். இரவு இரண்டு மணிக்கு எழுந்து மதிப்பெண்ணை மாற்றுகிறேன், விடிந்ததும் பழையபடி ஆக்குகிறேன். மூன்று வாரமாகச் சரியான தூக்கமில்லை. தப்பாகத் தேர்ந்தெடுத்தால் ஐந்தாறு வருடம் வீணாகிவிடுமே மேடம்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

ஆலோசகர் பதில்

அன்புள்ள வாசகிக்கு,

41 வரி போட்டும் முடிவு வரவில்லை என்பதால் உங்களுக்கு மனஉறுதி இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். தரவரிசை, நகரம், வானிலை எல்லாம் தேடினால் உடனே கிடைக்கும். அட்டவணை அவற்றால் நிரம்பிவிடும். கைடு எப்படிப்பட்டவர், பணம் எத்தனை வருடம் வரும் என்பதையெல்லாம் வாய்விட்டுக் கேட்டால்தான் தெரியும். கேட்கக் கூச்சம். கூச்சப்படும் மனம் கேள்வி கேட்பதற்குப் பதிலாக இன்னொரு வரியைச் சேர்க்கிறது. இரவு இரண்டு மணித் திருத்தம் அங்கிருந்துதான் வருகிறது.

அந்தச் சீனியரின் தயக்கத்தை அலட்சியப்படுத்தாதீர்கள். அதற்கு நீங்களாக ஒரு பொருள் கற்பித்துக்கொள்ளவும் வேண்டாம். "நேரம் கொடுப்பாரா?" என்ற கேள்விக்கு யாராலும் நேராகப் பதில் சொல்ல முடியாது. எண்ணிச் சொல்லக்கூடியதைக் கேளுங்கள்: சாருடன் தனியாக உட்கார்ந்து கடைசியாக எப்போது பேசினீர்கள்? பேப்பரின் முதல் வரைவைக் கொடுத்தால் எத்தனை நாளில் திருத்தித் தருவார்? கடைசியாக எத்தனை நாள் விடுப்பில் ஊருக்குப் போனீர்கள்? லேபில் இப்போது இருப்பவர்களுக்குப் பேசத் தயக்கம் இருக்கும். பட்டம் வாங்கி வெளியேறியவர் ஒருவர், முடிக்காமல் விலகியவர் ஒருவர் என இரண்டு பேரைப் பிடியுங்கள். பல்கலைக்கழக நூலகத்தின் ஆய்வேட்டுத் தளத்தில் அந்த கைடின் மாணவர்கள் பெயரும் முடித்த வருடமும் இருக்கும். லிங்க்ட்இன்னில் அவர்கள் சேர்ந்த வருடம் இருக்கும். கழித்துப் பாருங்கள். பலருக்கு ஏழு வருடம் ஆகியிருந்தால் காரணம் கேளுங்கள். நல்ல பேப்பர்களில் முதல் பெயர் மாணவருடையதா, பிஎச்.டி. முடித்துவிட்டு லேபில் ஆராய்ச்சி செய்யும் போஸ்ட்டாக்குடையதா என்றும் பாருங்கள். பெரிய லேபில் மாணவரை அன்றாடம் வழிநடத்துவது பெரும்பாலும் போஸ்ட்டாக்தான். அவர் எப்போது கிளம்புகிறார் என்பதும் உங்களுக்கு முக்கியம்.

அடுத்து பணம். நீங்கள் சொன்ன வாடகையைக் கழித்தால் மாதம் ஒரு இடத்தில் சுமார் 1,980 டாலர் மிஞ்சும், இன்னொன்றில் 1,930. வரிக்கு முன் 50 டாலர்தான் வித்தியாசம். ஆகவே 43,000 என்ற எண்ணைக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம். கடிதத்தில் இருப்பது 12 மாதச் சம்பளமா, 9 மாதமா என்று மட்டும் பாருங்கள். 9 என்றால் கோடைக்கு யார் தருவார்கள் என்று கேட்க வேண்டும்.

நம் மாணவர்கள் பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. அமெரிக்க அரசின் என்.ஐ.எச். (தேசிய சுகாதார நிறுவனங்கள்) தரும் டி32 என்ற பயிற்சி நிதியும், என்.எஸ்.எஃப். (தேசிய அறிவியல் அறக்கட்டளை) தரும் பட்டதாரி ஃபெலோஷிப்பும் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை (கிரீன் கார்டு) பெற்றவர்களுக்கும்தான். வெளிநாட்டு மாணவருக்கு முதல் வருடம் டிபார்ட்மெண்ட் கொடுத்தாலும், பிறகு பெரும்பாலும் கைடின் கிராண்டை (ஆராய்ச்சிக்கு அவர் வாங்கியிருக்கும் நிதி) நம்பித்தான் இருக்க வேண்டும். அந்த கிராண்ட் எப்போது முடிகிறது என்பது ரகசியம் இல்லை. 'என்.ஐ.எச். ரிப்போர்ட்டர்' தளத்தில் பேராசிரியர் பெயரைப் போட்டால் அவருடைய என்.ஐ.எச். கிராண்டின் தொகையும் முடியும் தேதியும் வரும். இரண்டு கைடுகளுக்கும் பாருங்கள். அடுத்த வருடமே முடிகிறது என்றால், "புதுப்பித்தல் கிடைக்காவிட்டால் என் உதவித்தொகைக்கு டிபார்ட்மெண்ட் பொறுப்பேற்குமா?" என்று மெயிலில் கேளுங்கள். பதில் எழுத்தில் இருக்கட்டும்.

ரொட்டேஷனிலும் ஆபத்து உண்டு. பிடித்த லேபில் அந்த வருடம் இடமோ பணமோ இல்லாமல் போகலாம். கடந்த மூன்று வருடத்தில் வெளிநாட்டு மாணவர் யாருக்காவது லேப் அமையவில்லையா, நான்காவது ரொட்டேஷன் உண்டா என்று ஒருங்கிணைப்பாளரிடம் கேளுங்கள். எலும்புத் திசுப் பேராசிரியருக்கு இன்றே மூன்று வரி எழுதுங்கள்: இந்த வருடம் வெளிநாட்டு மாணவர் ஒருவரை எடுக்கிறீர்களா, எந்த கிராண்டில், முதல் ரொட்டேஷனை உங்களிடம் செய்யலாமா?

இதையெல்லாம் விட எனக்கு முக்கியமாகப் படுவது, எந்த வகைத் தோல்வியோடு உங்களால் வாழ முடியும் என்பது. சிப் லேபில் தோல்வி சிறியது, அடிக்கடி வருவது. சிப் செய்யும் பி.டி.எம்.எஸ். என்ற சிலிக்கோன் சரியாக ஒட்டாமல் கசியும். சிப்பில் உள்ள மெல்லிய கால்வாயில் ஒரு காற்றுக்குமிழி புகுந்து, வாரக்கணக்கில் வளர்த்த செல்களை ஒரே இரவில் அடித்துக்கொண்டு போகும். சில மருந்துகளை அந்த சிலிக்கோனே உறிஞ்சிவிடும்; செல்லுக்குப் போய்ச் சேர்ந்த அளவு எவ்வளவு என்றே தெரியாது. எலும்பு லேபில் தோல்வி மெதுவாக வரும். எலியின் மண்டையோட்டில் வைத்த திசுவில் எலும்பு வளர்ந்ததா என்று பார்க்கவே 8 முதல் 12 வாரம் ஆகும். அதற்கு முன் விலங்குச் சோதனை அனுமதிக்காகவும் காத்திருக்க வேண்டும். ஒரு தொகுதி கெட்டால் ஒரு பருவமே போச்சு. எம்.டெக். புராஜெக்டில் செல் கல்ச்சர் பூஞ்சை பிடித்துக் கெட்ட நாளில் நீங்கள் என்ன செய்தீர்கள்? மறுநாளே புதிய பிளேட்டை எடுத்து மறுபடி தொடங்கினீர்களா, நான்கு நாள் உட்கார்ந்து யோசித்தீர்களா? உங்களுக்கு எது ஒத்துவரும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

இப்போது தெரிந்ததை வைத்துச் சொன்னால் என் மனம் இரண்டாவது இடத்தின் பக்கம் சாய்கிறது. எலும்புப் பேராசிரியர் "இடமும் பணமும் உண்டு" என்று எழுதினால் மட்டும். அவர் மழுப்பினால், பெரிய லேபைத் தைரியமாகத் தேர்ந்தெடுங்கள், வெளியேறியவர்கள் சொன்னது உங்களைப் பயமுறுத்தாதவரை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல சேர்ந்து செய்துகொண்ட ஏப்ரல் 15 உடன்பாட்டில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகம் அதற்கு முன் பதில் கேட்டு நெருக்கக் கூடாது. அந்தத் தேதிவரை உள்ள நாட்கள் உங்களுடையவை.

அப்பாவிடம் தரவரிசையைப் பற்றி வாதாடாதீர்கள். அவருக்கு அந்தப் பெயர் மகள் பட்ட பாட்டுக்குக் கிடைத்த சான்றிதழ். அதைக் குறைத்துப் பேசினால் வலிக்கும். "அந்த இடமும் எனக்குக் கிடைத்தது அப்பா, அதை யாரும் பறிக்க முடியாது" என்று தொடங்குங்கள். பிறகு அந்த 50 டாலர் கணக்கையும் கிராண்ட் முடியும் தேதியையும் காகிதத்தில் எழுதிக் காட்டுங்கள்.

அட்டவணையை மாலை ஆறரை முதல் ஏழு வரை மட்டும் திறங்கள். லேப்டாப் இரவில் வேறு அறையில் இருக்கட்டும். விழிப்பு வந்தால், மனதில் ஓடும் கேள்வியை ஒரு துண்டுத்தாளில் எழுதிவிட்டுப் படுங்கள். மூன்று வாரத் தூக்கமின்மை சின்ன விஷயம் இல்லை. இன்னும் ஒரு வாரத்தில் சரியாகவில்லை என்றாலோ, நெஞ்சு படபடப்பு, சாப்பாடு இறங்காமை சேர்ந்துகொண்டாலோ மருத்துவரைப் பாருங்கள். 14416 டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. அந்த மூன்று வரி மெயிலை மட்டும் இன்று இரவுக்குள் அனுப்பிவிடுங்கள்.