மாலத்தீவுக்கு 4 நாள் தான் போறோம், ரிசார்ட்டா லோக்கல் தீவா, எது எடுக்கலாம்?

4 நாள்னா முதல்ல ரூமைப் பாக்காதீங்க, ஏர்போர்ட்ல இருந்து அங்க எப்படிப் போறதுன்னு பாருங்க. நிறைய பேர் கோட்டை விடுறது இங்கதான். தூரத்து ரிசார்ட்டுக்கு பெரும்பாலும் சீப்ளேன்ல (தண்ணில இறங்குற குட்டி விமானம்) போகணும், அது பகல் வெளிச்சத்துல மட்டும்தான் பறக்கும், உங்க ஃப்ளைட் சாயங்காலம் இறங்குச்சுன்னா அன்னைக்கு ராத்திரி தலைநகர் மாலே பக்கத்துலயே தங்க வேண்டியதுதான், இருக்குற 4 நாள்ல ஒண்ணு அப்படியே போயிடும். அதோட டிக்கெட்டு தலைக்கு பல நூறு டாலர், ரூம் வாடகைல பெரும்பாலும் சேராது. அதனால ஸ்பீட்போட்ல போற தூரத்துல இருக்குற வடக்கு மாலே, தெற்கு மாலே அடோல் (பவளத் தீவுக் கூட்டம்) பக்கமே தேடுங்க.

ரிசார்ட்னா ஒரு தீவு முழுக்க ஒரே ஹோட்டல். சாப்பாடு, தண்ணி எல்லாம் அவங்க சொல்ற விலைதான், அதனால மீல் பிளானோட புக் பண்ணுங்க. ரூம்ல இருந்து இறங்கினா பவளப்பாறை வருமான்னு மறக்காம கேளுங்க, சில தீவுல வெறும் மணல்தான்.

மாஃபுஷி மாதிரி உள்ளூர் மக்கள் வாழுற லோக்கல் தீவுல கெஸ்ட்ஹவுஸ் செலவு ரொம்பக் கம்மி. ஆனா மது கிடையாது, பிகினி அதுக்குன்னு ஒதுக்குன பீச்ல மட்டும்தான்.

என்னைக் கேட்டா 2 ராத்திரி மாஃபுஷி, கடைசி ராத்திரி பக்கத்துலயே ஒரு ரிசார்ட். மழை இல்லாம வேணும்னா ஜனவரில இருந்து மார்ச்சுக்குள்ள போங்க.