தற்கால பிரெஞ்சு நாடகத்தை வெளிநாட்டு மேடைக்கு மொழிபெயர்க்க, பிரெஞ்சு நன்றாகத் தெரிந்தால் போதுமா?

போதாது. டால்ஃப் சி1 என்ற உயர்நிலை பிரெஞ்சுத் தேர்வை எழுதி முடித்த சூட்டோடு கேட்கிறீர்கள் போலிருக்கிறது. நானும் அப்படித்தான் கிளம்பினேன், பாண்டிச்சேரிக்காரன் என்ற கூடுதல் தெனாவட்டோடு.

லண்டனில் ஒரு சின்னக் குழு, பிரெஞ்சு நாடகாசிரியர் ழான்-லுக் லகார்ஸ் 1990இல் எழுதிய ‘ழுஸ்த் லா ஃபேன் து மோந்த்’ (‘உலகத்தின் முடிவு, அவ்வளவுதான்’) நாடகத்தை ஆங்கிலத்தில் போட நினைத்தது. வரிக்கு வரி மொழிபெயர்ப்பது என் வேலை. தான் சாகப்போவதைச் சொல்ல, பல வருடம் கழித்து வீட்டுக்கு வருகிறான் மூத்தவன் லூயி. தம்பி மனைவி கத்ரீனை அன்றுதான் முதல்முறை பார்க்கிறான். இருவரும் கை குலுக்கப் போக, ‘கையா குலுக்குவீங்க, யாரோ எவரோ மாதிரி’ என்று குதிக்கிறாள் தங்கை சுசான். பிரான்சில் குடும்பத்துக்குள் கன்னத்தோடு கன்னம் வைப்பதுதான் வழக்கம். லண்டனில் கை குலுக்கினால் யார் கண்டுகொள்ளப் போகிறார்கள்? ஒத்திகையில் அந்த வரி புஸ்ஸென்று போனது.

அடுத்து, கத்ரீன் லூயியிடம் ‘வூ’ போட்டுப் பேசுகிறாள், நம் ‘நீங்க’. ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே ‘யூ’. நான் அடிக்குறிப்பு போட்டேன்! இயக்குநர் அம்மா பொறுமையாகக் கேட்டார்: “இதை எந்த நடிகர் பேசணும்?” ராத்திரி உட்கார்ந்து அவள் வரிகளைக் கொஞ்சம் நீட்டி, தயங்கித் தயங்கிப் பேசவைத்தேன். மரியாதை அந்தத் தயக்கத்தில் வந்தது.

தமிழில் சுலபம் என்று நினைக்காதீர்கள். ‘நீங்க’ இருக்கிறது, சரி. புருஷனின் அண்ணனை மொட்டையாக ‘நீங்க’ என்பாளா? மாமா, அத்தான் என்று ஏதாவது ஒட்டியாக வேண்டும். ஒட்டிய உடனே லகார்ஸ் வைத்த தூரம் போச்சு.

‘மூலத்தைச் சிதைக்கச் சொல்கிறான்’ என்று வரிந்துகட்டிக்கொண்டு வராதீர்கள், நான் அப்படிச் சொல்லவில்லை. பிரெஞ்சு நாடகாசிரியர் யாஸ்மினா ரேஸாவின் ‘லு தியூ து கார்னாழ்’ 2008இல் லண்டனில் பாரிஸ் கதையாகவே ஓடியது. மறுவருடம் நியூயார்க்கின் பிராட்வே மேடையில், கதை அந்த ஊர் புரூக்ளின் வீட்டுக்குக் குடிபோனது. இரண்டும் ஆங்கில மொழிபெயர்ப்பாளர் கிறிஸ்டோபர் ஹாம்ப்டன் கைவண்ணம். அவர் ஊரையே மாற்றலாம், நான் நாலு வார்த்தை நீட்டக்கூடாதா?

கடைசியில் என் பிரதியை, பிரெஞ்சு ஒரு வார்த்தை தெரியாத நாடகாசிரியர் ஒருவர் மெருகேற்றினார். நோட்டீஸில் ‘ஆங்கில வடிவம்’ என்று அவர் பெயர் கொட்டை எழுத்தில். என் பெயர் பின்பக்கம், நாற்காலி இரவல் கொடுத்தவருக்குக் கீழே. எனக்கு ஒரே தடவை ஒரு தொகை, ராயல்டி அவருக்கு.

அதுகூடப் பரவாயில்லை. பிரெஞ்சு தெரிந்த பாவத்துக்கு, பிரெஞ்சு நேஷனாலிட்டி கேஸுக்காகத் தமிழ்ச் சான்றிதழ்களைச் சும்மா மொழிபெயர்த்துத் தரச்சொல்லி ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். முத்திரை குத்தும் அங்கீகாரம் எனக்குக் கிடையாது என்றால், “வெள்ளைக்காரன் நாடகத்துக்கு மட்டும் செய்வியா?” என்கிறார் பெரியப்பா.